மூன்றாவது மேசையில் பதினோரு நாள்

அத்தியாயம் 14

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பால் வண்டியின் பின்னால் போய் மோதிய நாளிலிருந்து சக்கரபாணி பைக்கைத் தொடவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதும், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சொன்னதும், அதை வைத்துக் கணவனும் மனைவியும் போட்டுக்கொண்ட சண்டையும் போன வாரத்தோடு முடிந்துவிட்டன. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இருவருக்கும் ஒரே கல்லூரியில் வேலை. தமிழ்செல்வி பி.பி.ஏ. துறையில் உதவிப் பேராசிரியை. சக்கரபாணி கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டென்ட், இருபத்திரண்டு வருஷமாக. பத்து நாளாக அவள் ஸ்கூட்டியை ஓட்ட, அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். பே கோபுரத் தெருவிலிருந்து கல்லூரி வாசல் வரை இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இந்த வியாழக்கிழமையாவது தகராறு இல்லாமல் கிளம்ப வேண்டும் என்று தமிழ்செல்வி நினைத்திருந்தாள். மத்தியானம் செமினார் ஹாலில் அவளுடைய மாணவர்கள் பேசப் போகிறார்கள். பிரின்சிபால் வருகிறார். 

மகள் அபிநயா விடவில்லை. பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவந்து அடுப்பங்கரை மேடையில் வைத்தாள்.

"பாரும்மா. கையெழுத்து போடுற எடத்த விட்டுட்டு கெமிஸ்ட்ரி மார்க் மேல போட்டு வச்சிருக்காரு. மிஸ் கேட்டா நான் இன்னா சொல்றது?"

சக்கரபாணி கூடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் எத்தனை மார்க் வாங்கியிருக்கிறாள் என்று கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற அப்பா. இந்த மனிதருக்கு இப்போதெல்லாம் எதிலும் பிடிப்பில்லை என்று தமிழ்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்டில் தன் கையெழுத்தைப் போட்டு, மிஸ்ஸிடம் தானே போனில் பேசுவதாகச் சொல்லி அபிநயாவை அனுப்பி வைத்தாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. அந்தக் கவலையின் பெயர் பிசினஸ் ப்ராசஸ் மேனேஜ்மென்ட்.

மூன்றாம் வருஷத்துக்கு இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த பாடம் அது. ஒரு நிறுவனத்தில் ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே நிற்கிறது, எப்படிச் சீர்செய்வது என்பதுதான் விஷயம். எளிமையான விஷயம். ஆனால் புத்தகம் முழுக்க ஏர்லைன்ஸ் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும். அவளுடைய வகுப்பில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரில் விமானத்தில் ஏறியவர் ஒருவர் கூட இல்லை. மூன்று வாரம் கட்டமும் அம்புக்குறியும் போட்டுப் போட்டு அவளுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். எதிலாவது பொருத்திச் சொல் என்றால் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் பொறுமை போய்ப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டாள். உங்களை அலையவிட்ட வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது முதலிலிருந்து கடைசி வரை எப்படி நடக்கிறது என்று கூடவே போய்ப் பாருங்கள் என்றாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நேரத்தைக் குறிக்கச் சொன்னாள். வேலை செய்ய ஆகும் நேரம் ஒன்று. வேலை சும்மா கிடக்கும் நேரம் இன்னொன்று. யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஏன் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள் என்றும் சொன்னாள்.

அன்றைக்குத்தான் வகுப்பு விழித்துக்கொண்டது. ஒரு குழு பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் போடும் டிபன் கடைக்குப் போனது. ஒரு குழு ரமணாசிரமம் பக்கத்து லாட்ஜுக்கு. நந்தினியின் குழு, கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு சர்டிபிகேட் வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இவர் இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று கல்லூரி தரும் ஒரு பக்கச் சான்றிதழ். சந்தோஷத்தில் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள் தமிழ்செல்வி.

அதன் பலனை அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஸ்டாஃப் ரூமில் பார்த்தாள்.

நந்தினியும் கலையரசனும் பழுப்புத்தாள் சுருளை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் புத்தகம் வைத்தார்கள். பின்னால் தஹ்சீன் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தபடி நின்றாள். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த கட்டங்கள், முடிவெடுக்கும் இடங்களில் சாய்சதுரங்கள், நடுவே அம்புக்குறிகள். ஒரு மாதத்தில் இருபத்தாறு விண்ணப்பங்களைப் பின்தொடர்ந்திருந்தார்கள். அவள் மூன்று வாரம் தொண்டை வற்றச் சொன்னதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. ஒரு கணம் பெருமையாக இருந்தது.

பிறகு எண்களைப் படித்தாள்.

விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் ஒரு நாள். இரண்டாவது மேசையில் ஒரு நாள். வைஸ் பிரின்சிபாலிடம் ஒரு நாள், பிரின்சிபாலிடம் இரண்டு நாள். நடுவில் மூன்றாவது மேசைக்கு மட்டும் சிவப்பு மை. வேலை செய்யும் நேரம் நான்கு நிமிஷம். கிடக்கும் நேரம் சராசரியாகப் பதினோரு நாள்.

மூன்றாவது மேசை சக்கரபாணியுடையது.

அவர் யாருடைய கணவர் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

"எடுத்துடட்டுமா மேடம்?" என்றாள் நந்தினி. "டிபன் கடை குரூப்போட சேந்துக்கறோம்."

அந்தக் கேள்விதான் தமிழ்செல்வியை அதிகம் சுட்டது. இந்தப் பெண் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். தான் அதற்கு ஒத்துக்கொள்வாள் என்றும் நினைக்கிறாள்.

ஏன் நிற்கிறது என்று கேட்டீர்களா என்றாள். கலையரசன் தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு முறை போனார்கள். சூப்பிரண்டென்ட் சார் கத்தி விரட்டிவிட்டார். அதனால் தேதிகளை வைத்து அவர்களே பார்த்தார்கள். அந்த மேசையிலிருந்து காகிதங்கள் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டுமே, அதுவும் இரண்டு மூன்றாகத்தான் நகர்ந்திருந்தன. அன்றைக்கெல்லாம் அட்டெண்டர் ராமன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் ராமன் பேங்குக்கும் யுனிவர்சிட்டிக்கும் போய்விடுவார். ஆகவே, சார் வாரத்தில் இரண்டு நாள்தான் கையெழுத்துப் போடுகிறார், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சரியாகிவிடும் என்று 'தீர்வு' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தார்கள்.

"என்னோடது பத்தொன்பது நாள் இருந்துச்சு மேடம்," என்றாள் தஹ்சீன். "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனி டிரெயினிங்குக்கு செலக்ட் ஆயிருந்தேன். பத்து நாள்ல போனஃபைடு அனுப்பணும்னாங்க. வீட்ல அத்தாவ ஒத்துக்க வைக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வேற ஆள எடுத்துட்டாங்க."

குரலில் கோபம் இல்லை. அதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

சார்ட் அப்படியே இருக்கட்டும், மத்தியானம் பார்க்கலாம் என்று சொல்லி மூவரையும் வகுப்புக்கு அனுப்பினாள். முதல் பீரியட் என்ன நடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

பாதித் தெரு அறிந்த விஷயம், சக்கரபாணி மேசையில் ஒரு காகிதம் மிச்சமிருந்தாலும் வீட்டுக்கு வரமாட்டார் என்பது. கல்யாணமான புதிதில் அதற்காகவே அவள் சண்டை போட்டிருக்கிறாள். அந்த ஆள் பதினோரு நாள் காகிதத்தைக் கிடப்பில் போடுவாரா? என்ன ஆயிற்று இவருக்கு? வீட்டில் கேட்டால் பதில் இல்லை. இங்கே பிள்ளைகள் கேட்டால் விரட்டுகிறார். பதினொன்றே காலுக்கு இடைவேளை மணி அடித்ததும் ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தாள்.

மேசையில் காகிதங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஃபைலைத் திறந்து மேலே இருந்த தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். பிள்ளைகள் கொடுத்த விண்ணப்ப நகல்களில் ஒன்று என்று நினைத்துத்தான் வைத்தாள். "இதுல என்ன குறைன்னு இப்பவே சொல்லுங்க. எதுக்குப் பதினோரு நாள்?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் தாளை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, தலையை லேசாகச் சாய்த்தார்.

"அப்பா பேரு எழுதல," என்றார். "எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு."

தமிழ்செல்வி அந்தத் தாளைப் பார்த்தாள். அது விண்ணப்பமே இல்லை. செமினார் ஹால் வேண்டும் என்று கேட்டு நேற்று அவள் எழுதிய கடிதம். அவளுடைய கையெழுத்து. இருபது வருஷமாக வீட்டில் மளிகைச் சீட்டிலும் காலண்டரிலும் அவர் பார்த்து வரும் எழுத்து.

அவளுக்குக் காதில் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது போல இருந்தது. பால் வண்டி. கெமிஸ்ட்ரி மார்க். திங்கள், வெள்ளி. ராமன்.

தாளை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கி, ரெக்கார்டு ரூம் வரை வாங்க என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார்.

பழைய விடைத்தாள் கட்டுகளின் நடுவே கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள்.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டாள்.

பொய் சொல்லப் பார்த்தார். கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று ஆரம்பித்தார். அப்புறம் அவராகவே சொன்னார். எட்டு மாதமாக. சர்க்கரையால் வந்தது. முதலில் எழுத்து வளைந்து தெரிந்தது. பிறகு வரியின் நடுவில் தண்ணீர் பட்டு மை கரைந்தது போல ஆனது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், நடக்கலாம். படிக்க முடியாது. கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி ராமனைப் படிக்கச் சொன்னார். அப்புறம் ராமனுக்குப் புரிந்துவிட்டது. ராமன் யாரிடமும் சொல்லவில்லை.

"நேரா பாத்தா நடுவுல ஒண்ணும் இல்ல செல்வி. ஓரத்துலதான் தெரியுது. உன் மொகத்தப் பாக்கணும்னா நான் உன் காதப் பாக்கணும்."

யுனிவர்சிட்டியில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் தனியாக வேலூர் போயிருக்கிறார். கண் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று, தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி என்றதும் வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். திரும்பப் போகவே இல்லை.

பரிதாபம் வரும் என்று தமிழ்செல்வி எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இந்தக் கண்ண வச்சிக்கிட்டுதான் அபிநயாவ பைக்ல ஏத்திட்டு ட்யூஷனுக்குப் போனீங்களா?"

அவர் விடைத்தாள் கட்டு ஒன்றின் சணல் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் என்ன பாவம் செய்தேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றார். படிக்க முடியாத சூப்பிரண்டென்டை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும்? ஐம்பத்தொரு வயதில் வேறு எங்கே போவது? ஒரு நாளைக்கு ஒரு நாள் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாராம். எட்டு மாதம் அப்படித்தான் போயிற்று.

பிள்ளைகளின் சார்ட்டைப் பற்றி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இன்னிக்கு மட்டும் அத எடுத்துடச் சொல்லு. அப்புறம் நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன். வேலூரும் வர்றேன்."

சரி என்று சொல்லிவிடலாம். நந்தினியே காலையில் வழி சொல்லிக் கொடுத்துவிட்டாள். டிபன் கடை குழுவோடு சேர்ந்துகொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

"தஹ்சீன்னு ஒரு பொண்ணு," என்றாள். "அவ பேப்பர் உங்க மேசையில பத்தொன்பது நாள் கெடந்துச்சு. டிரெயினிங் போயிடுச்சு. வீட்ல ரெண்டு மாசம் கெஞ்சி வாங்கின பர்மிஷன். அவகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

அவர் முகம் மாறியது. அந்தப் பெயரை அவர் படித்ததே இல்லை. அவரைப் பொறுத்தவரை மேசையில் இருந்தவை காகிதங்கள். மணி அடித்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஒன்றரை மணிக்கு நந்தினியையும் கலையரசனையும் கூப்பிட்டாள். சார்ட்டை உள்ளபடியே காட்டுங்கள் என்றாள். ஆனால் 'தீர்வு' என்று எழுதியிருப்பது தப்பு, அதை அடித்துவிடுங்கள். காரணம் தெரியாமல் தீர்வு எழுதக் கூடாது. காரணம் என்ன மேடம் என்று கலையரசன் கேட்டான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தஹ்சீனைக் காணோம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த நேரத்தில் இவள் வேறு என்று எரிச்சலாக வந்தது. உடனே, அவளுக்கு மனசு வெறுத்துப் போயிருக்கும், வீட்டுக்குப் போயிருப்பாள் என்றும் தோன்றியது.

செமினார் ஹாலில் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. வயரை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தே இருபது நிமிஷம் போயிற்று. பிரின்சிபால் அருள்ராஜ் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டே பேசச் சொன்னாள்.

டிபன் கடை குழு நன்றாகப் பேசியது. காசு வாங்குபவரே சட்னியும் ஊற்றுவதால்தான் பௌர்ணமி அன்று கூட்டம் தேங்குகிறது, அதைக் கடைக்காரரிடம் சொன்னதும் அவர் தன் மச்சானைக் காசுக்கு உட்கார வைத்துவிட்டார் என்றார்கள். அருள்ராஜ் சிரித்தார். லாட்ஜ் குழு, வெளிநாட்டுக்காரரின் பாஸ்போர்ட்டை மூன்று பேர் மூன்று முறை நகல் எடுப்பதைச் சொன்னது. அதற்கும் சிரித்தார். இதுதான் படிப்பு, புத்தகத்தில் இது இருக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வேறு ஒரு நாளாக இருந்தால் தமிழ்செல்வி பூரித்துப் போயிருப்பாள்.

நந்தினி ஏறினாள். கலையரசன் சார்ட்டை விரித்துப் பிடித்தான். சிவப்பு மை கடைசி வரிசை வரை தெரிந்தது. ஹாலில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அருள்ராஜின் சிரிப்பு போய்விட்டது.

"மூணாவது மேசையில பதினோரு நாளா?" என்றார். "காரணம் என்ன?"

"காரணம் எங்களுக்குத் தெரியல சார்," என்றாள் நந்தினி.

அவர் திரும்பி தமிழ்செல்வியைப் பார்த்தார். ஹால் முழுவதும் பார்த்தது. வாசல் பக்கம் அவள் கண் போனது. கணவர் வருவார் என்று மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வாசலில் யாரும் இல்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சார். ஆனா அத நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் சொல்லணும்."

அருள்ராஜ் அவளை உட்காரச் சொன்னார். நாளைக் காலை பத்து மணிக்குள் சூப்பிரண்டென்டின் விளக்கம் எழுத்தில் தன் மேசைக்கு வர வேண்டும், அது எந்த மேசையிலும் நிற்காமல் வர வேண்டும் என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நந்தினியின் குழுவைப் பாராட்டிவிட்டு எழுந்து போனார்.

நான்கு மணிக்கு தமிழ்செல்வி அலுவலகத்துக்குப் போனாள். வழி நெடுக அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். வராமல் இருந்துவிட்டீர்களே. என்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டீர்களே.

அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் ஒரு காகிதம் இல்லை.

எதிர் நாற்காலியில் தஹ்சீன் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மை.

அவள் சொன்னதை நம்பவே தமிழ்செல்விக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மத்தியானம் சக்கரபாணி மூன்றாம் வருஷ வகுப்புக்கு வெளியே வந்து நின்று, தஹ்சீன் என்ற பெண் யார் என்று கேட்டிருக்கிறார். அவள்தான் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சார் என்றாள். தனக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் உன் காகிதம் நின்றது என்று வராந்தாவிலேயே சொல்லியிருக்கிறார். பிறகு, மேசையில் இருப்பதையெல்லாம் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"மொதல்ல முடியாதுன்னுதான் மேடம் சொன்னேன். நான் எதுக்குப் படிக்கணும்னு கேட்டேன். சரிம்மான்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு. அப்புறம் இன்னமோ... நானே பின்னால போயிட்டேன்."

பதினேழு காகிதங்கள். அவள் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றாக முடித்திருக்கிறார். ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று. அதன் பின் ஒரு கடிதம். அவர் சொல்ல, அவள் எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினாள். கடிதத்தை உறையில் போட்டு பிரின்சிபால் அறையில் கொடுக்கச் சொன்னார். அப்போதே கொடுத்துவிட்டு வந்து, மேடம் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்பு கேட்டாரா என்று தமிழ்செல்வி கேட்டாள்.

"கேட்டாரு மேடம். நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இன்னும் கோவமாத்தான் இருக்கு."

இருக்கட்டும் என்றாள் தமிழ்செல்வி. அவர் எங்கே என்று கேட்டதற்கு, மூன்று மணிக்கே பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டதாகத் தஹ்சீன் சொன்னாள்.

தமிழ்செல்வி வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள். இரண்டாவது முறை எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல்.

"வேலூர் பஸ்ல இருக்கேன். போளூர் தாண்டிடுச்சு," என்றார். "காலைல ஆறு மணிக்கு டோக்கன் குடுப்பாங்களாம். ராத்திரி ஆதிலட்சுமி அக்கா வீட்ல தங்கிக்கறேன்."

ஆதிலட்சுமி அவருடைய அக்கா. சத்துவாச்சாரியில் இருக்கிறாள். அவளுக்குக் கூட இந்த எட்டு மாதத்தில் ஒன்றும் தெரியாது.

எந்த பஸ் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"ஒருத்தரக் கேட்டேன். கண்ணு தெரியலப்பா, வேலூர் பஸ் வந்தா சொல்லுன்னேன். கையப் பிடிச்சு ஏத்தி விட்டுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "கேக்கறதுக்குத்தான் எட்டு மாசம் ஆச்சு."

என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்றாள். குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

"நீ வந்தா உன் கையப் பிடிச்சிக்கிட்டு வேணாம்னு திரும்பி வந்துடுவேன் செல்வி. தனியாப் போனா அக்காவுக்குப் பயந்தாவது ஊசி போட்டுக்குவேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். ராஜினாமாவா என்று கேட்க வாய் வரவில்லை.

"நடந்தத எழுதச் சொன்னேன். எட்டு மாசமும். அந்தப் பொண்ணு கம்பெனிக்கு, தப்பு எங்களுதுன்னு காலேஜ் எழுதித் தரணும்னும் சொல்லியிருக்கேன். மூணாவது மேசைல எனக்கு பதிலா வேற ஆளப் போடச் சொல்லியிருக்கேன். வேலைய விட்டுப் போறேன்னு சொல்லல. அத அவங்க சொல்லட்டும்."

மேலே ஏதோ சொன்னார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

அவள் போனைக் கையில் வைத்தபடி நிற்கையில், வெளி வேலை முடித்துத் திரும்பியிருந்த அட்டெண்டர் ராமன் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. அவளை நேராகப் பார்க்கவில்லை.

"மேடம், பிரின்சிபால் சார் கூப்புடறாரு. கரஸ்பாண்டென்ட் ஐயாவும் வந்துட்டாரு. லெட்டரப் படிச்சிட்டாங்க. எழுதின பொண்ணையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. என்னையும் இருக்கச் சொல்லியிருக்காங்க."

கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் வருஷத்தில் நான்கு முறை வந்தால் அதிகம். அவர் வந்தால் யாராவது ஒருவருக்கு வேலை போகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

தஹ்சீன் வாசலில் வந்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"மேடம், நான் எழுதிக் குடுத்தது தப்பா?"

"இல்ல," என்றாள் தமிழ்செல்வி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போனதும் கேட்டாங்கன்னா, அவரு சொன்னத அப்படியே சொல்லு. எனக்காக ஒரு வரி கூட கம்மி பண்ணாத."

ராமன் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். மூவரும் உள்ளே போனார்கள்.